தீபத்து நெய்

திருவண்ணாமலைக் கார்த்திகை தீபத்திற்கு 3,500 கிலோவுக்குக் குறையாமல் நெய் வேண்டியிருக்கிறது. மலையுச்சியில் ஜோதி 11 நாள் எரியவேண்டுமல்லவா? வருஷத்திற்கொருமுறை தேவைப்படும் சரக்கை முன்கூட்டியே வாங்கிக் குவித்தால் பணம் முடங்கும், நெய்யும் காறிப்போகும். கடைசி நேரத்தில் வாங்கினாலோ விற்பவன் சொன்னதே விலை, சோதனைக்கும் அவகாசமிராது. சமீப வருஷங்களில் ஆவினிடம் நெய் கொள்முதல் செய்வதை நாம் வரவேற்கிறோம். எனினும் முத்திரையே பரீட்சையாகிவிடாது. நெய்யைப்பற்றிச் சந்தேகம் கிளம்பினால் என்னவாகுமென்பதற்குத் திருப்பதியே சாட்சி. லட்டு விவகாரத்தை விசாரிக்க 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டே தனிக் குழு அமைக்க உத்தரவிட நேர்ந்தது. எனவே, தவணை தவணையாக வாங்கி, ஒவ்வொரு தவணையிலும் மாதிரியெடுத்துச் சோதித்து, முடிவை நெய்க் காணிக்கை செலுத்தும் ஜனங்கள் காணக் கோயில் வாசலிலேயே ஒட்டும்படி தேவஸ்தான அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.