பழைய பதிப்பைக் கண்டால் யாருக்கு அறிவிப்பது?

லினக்ஸ் கணிப்பொறிகளைக் கையாள்வோர் தமக்கு வேண்டிய மென்பொருள்களைப் பல இடங்களில் தேடி அலைய வேண்டுவதில்லை. டெபியன், ஆர்ச் முதலிய வினியோகங்கள் ஒவ்வொன்றும் தமக்கெனக் களஞ்சியம் ஒன்றை அமைத்து, ஆயிரக்கணக்கான மென்பொருள்களை அதில் பொதிகளாகக் கட்டி வைத்திருக்கின்றன. மூல ஆசிரியர் எழுதியதைப் பராமரிப்பாளர் சோதித்துப் பொதியாக்குகிறார். பயனாளர் அதைப் பெற்றுக்கொள்கிறார். மூல ஆசிரியரின் வெளியீட்டிற்கும் பொதியின் வரவிற்கும் இடையே தாமதம் நேர்வது இயல்பே. அத்தாமதத்தைக் காணும் பயனாளரின் கடமை யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

புதிய பதிப்பு வெளிவந்தவுடனே களஞ்சியத்திலும் அது இடம்பெற்றாக வேண்டும் என்பர் ஒரு சாரார். பராமரிப்பாளர் அறியாதது ஒன்றில்லை, ஆதலால் அறிவிப்பதே வீண் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளும் ஏற்புடையன அல்ல.

பதிப்பு எண் பழையதாயிருப்பதொன்றே குறையாகாது. 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளின் 1.0.1 முதல் 1.0.1-எஃப் வரையிலான பதிப்புகள் பாதிப்புக்குள்ளாயின. மூல ஆசிரியர்கள் 1.0.1-ஜி என்னும் பதிப்பில் அக்குறையை நீக்கினர். டெபியனின் அந்நாளைய நிலைப் பதிப்போ அதற்கு மாறாமல், தன்னிடமிருந்த 1.0.1-இ பதிப்பிலேயே திருத்தத்தை மட்டும் சேர்த்து வெளியிட்டது. எண்ணின் வால்பகுதியே மாறிற்று. குறையோ முற்றிலும் நீங்கிற்று. அதனினும் பழைய 0.9.8 வரிசையில் அக்குறை இருந்ததே இல்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்.இஸட். மென்பொருளில் தீய நிரல் புகுத்தப்பட்டிருந்தது கண்டறியப்பட்டபோதும், அது 5.6.0, 5.6.1 ஆகிய புதிய பதிப்புகளிலேயே காணப்பட்டது. டெபியனின் நிலைப் பதிப்பு தப்பியது. எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் புகார் எழுதுவோர் இவற்றை மனத்திற்கொள்ளுதல் நன்று.

இதனால் வாளாவிருப்பதே மேல் என்பது பெறப்படாது. டெபியனில் மூல ஆசிரியரின் புதிய வெளியீடுகளைத் தானே கண்காணிக்கும் ஏற்பாடு உண்டு. ‘ரிபாலஜி’ என்னும் சேவை பல களஞ்சியங்களின் பதிப்பு எண்களை ஒப்பிட்டுக் காட்டுகிறது. ஆயினும் இயந்திரம் அறிவது எண்ணை மட்டுமே. பழைய பதிப்பினால் வகுப்பறையில் ஒரு பாடக் கோப்பு திறக்கவில்லை என்பதையோ, களத்தில் எடுத்த அளவுகள் ஏறவில்லை என்பதையோ அது அறியாது. அதனை அறிந்தவர் ஆசிரியரும் களப்பணியாளருமே. அவர்கள் மௌனம் சாதித்தால் அச்செய்தி பராமரிப்பாளரைச் சென்றடைய வழியில்லை.

அறிவிக்குமுன் ஆராய வேண்டுவன சில. கணிப்பொறியின் பொதிப்பட்டியல் அண்மையில் புதுப்பிக்கப்பட்டதா? வினியோகத்தின் ஆதரவுக் காலம் முடிந்துவிட்டதா? டெபியனின் நிலைப் பதிப்பு ஒன்றிற்கு நீண்டகால ஆதரவும் சேர்த்து ஏறத்தாழ 5 ஆண்டுகளே ஆதரவு கிட்டும். பழுது களஞ்சியத்தில் இல்லாமல் தம் மேசையிலேயே இருப்பதும் உண்டு.

அடுத்தது, விலாசம். எக்ஸ்-ஸ்கிரீன்சேவர் மென்பொருளின் ஆசிரியர் ஜேமி ஜவின்ஸ்கி, தாம் முன்னரே நீக்கிவிட்ட பிழைகளைப் பற்றிப் பழைய பொதிகளின் பயனாளர்கள் தமக்கே எழுதிவந்ததனால் சலிப்புற்றார்; பதிப்பு மிகப் பழையது என்னும் எச்சரிக்கையை மென்பொருளிலேயே அமைத்தார். அதுபற்றி 2016-இல் டெபியனில் பெரும் விவாதம் எழுந்தது. பொதி பழையதாயின் அறிவிக்க வேண்டுவது பொதியாக்கியவருக்கே. ஆர்ச் வினியோகத்தில், பொதி காலங்கடந்தது எனக் குறியிடுவதற்கென்றே தனி ஏற்பாடு உண்டு. டெபியனில் பிழைப்பதிவகம் உண்டு. சீ-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. இத்தகைய வழித்தோன்றல்களைப் பயன்படுத்துவோர் முதலில் அவ்வினியோகத்தாருக்கே எழுதுதல் முறை.

பொதியின் பெயர், நிறுவப்பட்ட பதிப்பு, வினியோகத்தின் பதிப்பு, தடைப்பட்ட வேலை, அதனைத் தீர்க்கும் புதிய பதிப்பு ஆகிய ஐந்தும் அறிவிப்பில் இருத்தல் வேண்டும். முன்னரே எவரேனும் எழுதியிருப்பின், மீண்டும் எழுதாமல் அதனுடன் தம் அனுபவத்தைச் சேர்ப்பது சாலும். பாதுகாப்புக் குறையாயின் அதனை வெளிப்படக் குறிப்பிட்டு, திருத்தம் சேர்க்கப்படவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

டெபியன் பராமரிப்பாளருள் பெரும்பாலோர் ஊதியமின்றித் தொண்டு புரிவோர். அவர்களை அதிகாரத் தொனியில் வினவுவது முறையன்று, பயனும் தராது. பொதுக் கிணறு தூர்ந்தால் ஊரார் கூடித் தூர்வாருவது போன்றதே இதுவும். இலவசமாகப் பெறும் மென்பொருளுக்குப் பயனாளர் செலுத்தக்கூடிய கைம்மாறு, தெளிவாக எழுதப்பட்ட ஓர் அறிவிப்பேயாகும். நிரல் எழுதத் தெரியாதவரும் அதனைச் செய்ய இயலும். பள்ளிகளில் இப்பழக்கத்தை மாணவர்க்கும் கற்பித்தல், கணிப்பொறிக் கல்வியின் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கது.