ஜூலை 83: 'அதனால்' என்ற சொல்லைச் சோதிப்போம்

தமிழருக்கு எதிரான கறுப்பு ஜூலைக் கலவரம் ஏன் நடந்தது என்று கேட்டால் நாற்பது ஆண்டுகளாக ஒரே விடைதான் கிடைக்கிறது: 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவத்தினர் இறந்தார்கள், அதனால் கொழும்பு எரிந்தது. இந்த 'அதனால்' என்ற சொல்லைச் சோதிக்க, நம் பிள்ளைகள் கணினியில் நாடாண்டு பார்க்கும் 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' என்ற விளையாட்டு உதவும். அதில் உள்நாட்டுப் போர் போன்ற பேரழிவு ஒரு நாளில் வந்து விழுவதில்லை. அதற்குரிய நிபந்தனைகள் முதலில் கூடவேண்டும்; கூடியபின் மாதாமாதம் ஓர் அளவு ஏறி, நூறைத் தொட்டால்தான் வெடிக்கும். ஆள்பவர் நிபந்தனையை நீக்கிவிட்டால் வெடிக்காது.

இதே முறையில் 83ஐப் பார்ப்போம். 13 சாவுகளே போதிய காரணம் என்றால், அதைவிடப் பெரிய இழப்பு அதைவிடப் பெரிய கலவரத்தை எழுப்பியிருக்க வேண்டும். 1996 ஜனவரி 31 கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் ஏறத்தாழ 90 பேர் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் முல்லைத்தீவு முகாமில் ஆயிரத்துக்கும் அதிகமான படையினர் மாண்டார்கள். தலைநகரில் தமிழர் சுற்றிவளைப்புக்கும் கைதுக்கும் ஆளானார்கள். ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் 83 போல வீடுகள் எரியவில்லை. எனவே 83இல் இருந்தவை எவை என்றுதான் கேட்கவேண்டும். 1977 கலவரமும் 1981 யாழ். நூலக எரிப்பும் தண்டனையின்றிக் கடந்துபோயிருந்தன. மரண விசாரணையின்றிச் சடலங்களை அகற்ற 1983 ஜூனில் வந்த அவசரகால விதி இடமளித்தது. ஜூலை 24 இரவு பொரளை கனத்தை மயானத்தருகே வன்முறையைத் தொடங்கிய கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வீடு சிங்களவருடையது, குடியிருப்பவர் தமிழர் என்றால், வீட்டை விட்டுவிட்டுத் தளபாடங்களை மட்டும் வீதியில் போட்டுக் கொளுத்தினார்கள். கோபத்தில் கண் மண் தெரியாதவர்கள் வீட்டுக்காரர் யார், வாடகைக்காரர் யார் என்று பார்ப்பதில்லை. 25ஆம் திகதி காலையே நகரம் எரிந்தது; ஊரடங்கு பிற்பகலில்தான் வந்தது. அரசின் பூட்டுக்குள் இருந்த வெலிக்கடைச் சிறையில் இரு நாட்களில் 53 தமிழர் கொல்லப்பட்டார்கள்.

மனிதச் சாவை விளையாட்டோடு ஒப்பிடலாமா என்று சிலர் வருந்தக்கூடும். நியாயமான வருத்தம்தான். ஒப்பிடுவது சாவை அல்ல, காரணத்தைத் தேடும் முறையை. நிபந்தனைகளைப் பேசினால் கொன்றவர்கள் தப்பிவிடுவார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. உண்மை நேர்மாறானது. தீப்பொறியான தாக்குதலை மட்டும் பேசும்போதுதான் பழி முழுவதும் திருநெல்வேலியோடு நின்றுவிடுகிறது. இடாப்பைக் கொடுத்தவரும் ஊரடங்கைத் தாமதித்தவரும் சிறைக்கதவைத் திறந்தவரும் கேள்விக்கே வருவதில்லை. 83இன் பாடம் கற்றதால்தான் 96இல் அரசு கலவரத்தைத் தடுத்தது என்பார்கள். அப்படியானால் 83இலும் தடுத்திருக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே பாடநூலிலும் நினைவுக் கூட்டத்திலும் 'அதனால்' என்று ஒரே சொல்லில் முடிக்காமல், அந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். அடுத்த முறை ஒரு சாவுச் செய்தி தலைநகருக்கு வரும்போது, ஊரடங்கு எத்தனை மணிக்கு வந்தது என்று அன்றே கேட்கத் தெரிந்த மக்கள் நமக்கு வேண்டும்.