எண்ணை அழுத்தத் தெரியாதவரும் வாடிக்கையாளர்தான்

சிங்கப்பூரின் உட்லண்ட்சில் எங்கள் புளோக்கில் உள்ள மூத்தோர் பலர் பயனீட்டுக் கட்டண பில்லை என்னிடம் கொண்டுவருவார்கள். மின்சாரம், தண்ணீர், எரிவாயு எல்லாம் ஒரே தாளில். மீட்டர் பார்க்காத மாதத்துக்கு உத்தேசக் கணக்கு. அரசாங்கம் தரும் யு-சேவ் கழிவு சேர்ந்ததா என்ற கவலை வேறு. “ஃபோன் பண்ணிக் கேளுங்க பாட்டி” என்று சொல்லிவிடலாம். கேட்பது யாரிடம்?

எடுப்பது பதிவுக் குரல். எண்ணை அழுத்தச் சொல்கிறது. காதிலிருந்து கைப்பேசியை எடுத்துப் பார்த்தால் திரை இருண்டிருக்கும். எண் பலகையைத் தேடி வரவழைக்க வேண்டும். அதற்குள் குரல் அடுத்த தெரிவுக்குப் போய்விடும். கணக்கு எண்ணைக் கேட்கும்போது கண்ணாடியும் பில்லும் கைப்பேசியும் இரண்டு கைகளுக்குள் அடங்குவதில்லை. சற்றுத் தாமதித்தால் அழைப்பு துண்டிக்கப்படுகிறது.

இதைவிட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. பதிவுக் குரல் பேசி எண்ணை அழுத்தச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள் என்று மோசடிக்கு அஞ்சி இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தான். தாமே அழைத்த எண்ணிலும் அதே மாதிரிக் குரல் கேட்டால் அவர்கள் தயங்கத்தானே செய்வார்கள்? அந்தத் தயக்கம் அறியாமை அல்ல, எச்சரிக்கை.

தமிழிலும் பதிவு வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் தமிழில் பேசும் இயந்திரமும் பொறுமையில்லாமல் துண்டித்தால் பயனில்லை.

இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் 19 வட்டாரங்களில் சுமார் 147,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் தடைபட்டது. அப்படியொரு நேரத்தில் எல்லா அழைப்புகளையும் ஆட்களே எடுக்க முடியாது. பதிவுச் செய்திதான் கைகொடுக்கும். பில்லில் வரும் சந்தேகம் அப்படிப்பட்டதல்ல. அதற்கு ஆள் வேண்டும். தமிழ்நாட்டு மின்வாரியம் 2021 ஜூனில் சென்னையில் தொடங்கிய ‘மின்னகம்’ மையத்தில் இரவு பகலாக ஆட்கள் அமர்ந்து அழைப்புகளை எடுக்கிறார்கள். நம்மால் முடியாதா?

மின்சாரச் சில்லறை விற்பனையாளர்களுக்கு உரிமம் தருவது எரிசக்திச் சந்தை ஆணையம். ஆளிடம் பேசும் வழியைப் பதிவுக் குரல் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். எதையும் அழுத்தாதவரின் அழைப்பைத் துண்டிக்காமல் ஆளிடம் மாற்றிவிட வேண்டும். இவ்விரண்டையும் உரிம நிபந்தனையாகவே ஆணையம் எழுதிவைக்கட்டும்.