எல்லாம் நேர்கோடு இல்லை, தம்பி



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார. தன் பழைய காரின் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, மெகாஸ்குவர்ட் போர்டைத் தானே சால்டரிங் செய்து, பெட்ரோல் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றியிருக்கிறார். எஞ்சின் சூடான பிறகும் பிளக் எல்லாம் கறுத்துப்போகிறதாம். இரண்டு மாதமாகப் பெட்ரோல் அளவை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துவிட்டார். "டெம்பரேச்சர் சென்சார் கிராஃப் வளைகிறது சார், நேராக்க ஒரு ரெசிஸ்டர் சொல்லுங்கள்" என்றார்.

தப்பு என்னுடையதுதான். ஓம் விதிக்கு வருடா வருடம் நேர்கோடு போட வைத்தவன் நான்.

தெர்மிஸ்டர் அதற்கெல்லாம் மசியாது. அந்த போர்டு எதிர்பார்க்கும் ஜி.எம். சென்சாருக்கு மைனஸ் 40 டிகிரியில் ஒரு லட்சம் ஓமுக்கு மேல், 30-இல் 2238, 99-இல் வெறும் 177. அதோடு 2490 ஓம் ரெசிஸ்டர் ஒன்று தொடராக நிற்கிறது. நடுவே வரும் வோல்டேஜை முதல் தலைமுறை போர்டு 0 முதல் 255 வரை எண்ணாகப் படிக்கும். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 30 டிகிரி பக்கம் ஓர் எண் என்பது மூன்றில் ஒரு டிகிரி. 99 பக்கம் அதே ஓர் எண் இரண்டு டிகிரி! நடுப்பகுதியை அந்த 2490-ஏ ஓரளவு நிமிர்த்திவிடுகிறது. இன்னொன்றை இணையாகப் போட்டால் எண்களின் வீச்சுதான் சுருங்கும்.

வளைவு வளைவாகவே இருக்கட்டும் என்பதே என் கட்சி. 256 எண்ணுக்கும் டிகிரியை முன்கூட்டியே எழுதிய அட்டவணை போதும். ஓடுகிற எஞ்சினில் சின்ன பிராசசரை லாகரிதம் போடச் சொல்வானேன்?

ஆனால் அட்டவணை உங்கள் சென்சாருடையதாக இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். தண்ணீர் 90 டிகிரி, போர்டு சொல்வது 60! வேறு சென்சாரை மாட்டிவிட்டு ஜி.எம். அட்டவணையை அப்படியே விட்டிருக்கிறார். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நம்பி அது பெட்ரோலை ஊற்றியிருக்கிறது.

ஐஸ் தண்ணீர், வெதுவெதுப்பான தண்ணீர், கொதிநீர்; மூன்றிலும் மல்ட்டிமீட்டரால் ஓம் அளந்தால் போதும். முழு வளைவையும் ஸ்டைன்ஹார்ட்-ஹார்ட் சமன்பாடு தந்துவிடும். (ஊட்டிக்காரர்களே, கொதிநீருக்கு 100 என்று எழுதாதீர்கள். அங்கே 93-ஐ ஒட்டியே கொதித்துவிடும்.)

இன்னொன்று. சென்சார் ஒயர் அறுந்தால் எண் 255 ஆகும். போர்டு அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். அட்டவணையின் இரு கோடியிலும் 80 டிகிரி என்று எழுதிவிடுங்கள், வண்டி வீடு வந்து சேரும். டாஷ்போர்டு மீட்டருக்கு மட்டும் தனி சென்சார் இருக்கட்டும்.

மூன்று அளவையும் அனுப்பச் சொன்னேன், இன்னும் வரவில்லை. இதைப் பார்த்தால் அனுப்புங்கள் தம்பி.