வண்டிகளைத் தேடி ஒரு பிரயாணம்

மார்கழி மாதத்தில் மோட்டார்ப் பிரயாணம் செய்வதில் ஒரு சௌகரியமும் ஓர் அசௌகரியமும் உண்டு. வெயில் வாட்டாது என்பது சௌகரியம். பனி விலகும் வரையில் காமிராவுக்கு வேலையில்லை என்பது அசௌகரியம். சென்ற மார்கழியில் நானும் என் மருமானும் செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் சென்றது, வாகனங்களைப் படம் பிடிப்பதற்காக. "இதற்கும் ஒரு பிரயாணமா?" என்று வீட்டில் கேட்டார்கள். நேயர்களும் கேட்கலாம்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ஆம் வருஷம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் பாதையில் மின்சார வண்டி ஓடியது இந்தியாவிலேயே இந்தத் தடம் ஒன்றில்தான். பிற்பாடு மின்சாரம் செங்கற்பட்டைக் கடந்து விழுப்புரம் வரையில் நீண்டது. தாம்பரம் தடத்தில் 73 வருஷங்கள் ஓடிய அவ்வண்டிகள் 2004-இல் ஓய்ந்தன. நம் வீடுகளில் கலியாணப் படம் எத்தனையோ உண்டு. கலியாணத்துக்கு ஏறிச் சென்ற வண்டியின் படம் ஒன்றேனும் உண்டா?

ஸ்டேஷனுக்குள் காமிராவை எடுக்க அநுமதி வேண்டுமாதலால், கொளவாய் ஏரியின் பக்கமாக வெளியே நின்றோம். பனியில் வெளிச்சம் குறைவு. வண்டியோ விரைந்து வருகிறது. ஆகையால், வண்டி வரும் வேகத்துக்கு இணையாகக் காமிராவையும் திருப்பிக்கொண்டே பொத்தானை அழுத்த வேண்டும். வண்டி தெளிவாக விழும். பின்னாலிருக்கும் மரங்கள் கோடுகளாகிவிடும். மருமானுக்கு இது ஐந்தாவது வண்டியில்தான் கைவந்தது.

திருக்கழுக்குன்றத்தில், தேரும் வாகனந்தானே என்று அவன் வாதித்தான். தேர்ப் படங்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன என்று நான் இறங்கவில்லை.

மாமல்லபுரத்தை நெருங்கும்போது சாலை பக்கிங்ஹாம் கால்வாயைக் கடக்கிறது. அங்கே வெகு நேரம் நின்றோம். 1806-இல் சென்னைக்கு வடக்கே ஆரம்பமான வேலை அது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில், பசித்தவர்கள் கூலிக்கு மண் சுமந்து வெட்டியது. பெயர் மட்டும் அன்றைய கவர்னரான பிரபுவுக்குப் போயிற்று! பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரையில் ஏறக்குறைய 420 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நீர்வழியில் உப்பும் விறகும் நெல்லும் சென்றன. காற்றிருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கரையில் நடந்தபடியே படகைக் கயிற்றால் இழுப்பார்கள். பாரதிதாசன் நண்பர்களோடு படகேறி மாமல்லபுரம் சென்றதைப் பாட்டாகவே பாடியிருக்கிறார். இன்றோ பாலத்தின் மேலே மோட்டார்கள் வரிசையாகப் போகின்றன. கீழே ஒரு படகும் இல்லை. வெறுந் தண்ணீரைப் படம் பிடித்துக்கொண்டோம்.

பஞ்ச ரதங்களின் முன் கூட்டம் மிகுதி. பெயர்தான் ரதம், பாறையைக் குடைந்து செய்த கோயில் வடிவங்கள் அவை. எங்கள் கணக்கில் சேரா.

கடற்கரையில் பைபர் படகுகளுக்கு நடுவே ஒரே ஒரு கட்டுமரம் கிடந்தது. இந்தச் சொல்லைத்தான் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுக்குச் சூட்டியிருக்கிறார்கள். முதியவர் ஒருவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நீர் குடித்த கட்டைகளைத் தனித்தனியே உலர்த்த வேண்டுமாம்.

"இதை எதுக்கு சார் எடுக்கிறீங்க? அதோ, புதுப் போட்டு இருக்குதே!" என்றார்.

"ஐயா, அது நாளைக்கும் இருக்கும்" என்றான் மருமான்.

முதியவர் சிரித்துவிட்டு, ஒரு கட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மணலில் நடந்தார். அந்தப் படந்தான் நன்றாக விழுந்திருக்கிறது.