சிஸ்டத்து மேல பழி போடாதீங்க சார்!

பெங்களூர் வந்து பதினாலு வருஷம் ஆச்சு. அம்மா மட்டும் இன்னும் கும்பகோணத்துலதான். "அங்க வந்து நாலு சுவத்துக்குள்ள என்னப்பா பண்றது"ன்னு கேட்டா பதில் சொல்ல முடியறதில்ல. நம்மள மாதிரி ஊரை விட்டு வந்தவங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் வந்திருக்கு, கவனிச்சிருக்கீங்களா? ஊர்ல அப்பா அம்மாவுக்கு எது வேணும்னாலும் இங்கிருந்தே போன்ல ஒரு ஆர்டர். மிக்ஸி, போர்வை, பிரஷர் பார்க்கிற மெஷின்... புள்ள வரலைன்னாலும் புள்ள அனுப்பின பார்சல் போகுது. மனசுக்கு ஒரு சமாதானம்.

போன மாசம் அம்மாவுக்கு வீசிங் அதிகமாச்சு. டாக்டர் நெபுலைசர் வாங்கச் சொன்னார். உடனே ஆர்டர் போட்டேன் (எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க, கதை எல்லாருக்கும் பொதுவானது). ரெண்டு நாள்ல வரும்னு உறுதி சொன்னாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் 'உங்கள் பொருள் டெலிவரி செய்யப்பட்டது'ன்னு மெசேஜ். அம்மாவுக்கு போன் போட்டா, "யாரும் வரலையேப்பா, நான் காலையிலேர்ந்து திண்ணையிலதான் உக்காந்திருக்கேன்"ங்கறாங்க.

கஸ்டமர் கேர்ல இருபது நிமிஷம் பாட்டு கேட்டப்புறம் ஒரு பையன் வந்தான். "சிஸ்டத்துல டெலிவர்ட்னு காட்டுது சார்."

"எங்கம்மா பொய் சொல்றாங்களா தம்பி?"

"இல்ல சார்... சிஸ்டம் அப்படித்தான் காட்டுது சார்."

அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு திணறி, பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். நல்லவேளை, ஒண்ணும் ஆகலை. பார்சல் திங்கட்கிழமை வந்தது. சிஸ்டப்படி அது நாலு நாள் முன்னாடியே வந்தாச்சு!

இப்ப என் வாதத்துக்கு வரேன். சிஸ்டத்துக்கு எதுவும் தெரியாது சார். மனுஷன் என்ன சொல்றானோ அதைத்தான் அது திருப்பிச் சொல்லும். அன்னிக்கு யாரோ ஒருத்தர் கொடுக்காத பார்சலுக்கு பட்டனை அமுக்கியிருக்கார். அன்னன்னிக்கு இத்தனை டெலிவரி முடிக்கணும்னு மேலேர்ந்து நெருக்கடி இருந்திருக்கலாம். வாங்கினவங்க கிட்ட ஒரு ஓடிபி கூட கேட்காம பட்டனை ஏத்துக்கற மாதிரி சாஃப்ட்வேரை அமைச்சது யாரு? அந்த முடிவை எடுத்தது மனுஷன். பழி மட்டும் சிஸ்டத்துக்கு!

நான் பி.காம். படிச்சவன், பொட்டி தட்டத் தெரியாது. ஆனா முதல் வருஷமே எங்களுக்கு ஒண்ணு சொல்லிக் கொடுத்தாங்க: வவுச்சர் இல்லாம என்ட்ரி கிடையாது. ஸ்டாக் புத்தகத்துல பத்து மூட்டைன்னு இருந்தா குடோனுக்குப் போய் எண்ணிப் பாரு. கணக்கும் சரக்கும் ஒத்துப் போகலைன்னா தப்பு கணக்குலதான், சரக்குல இல்ல.

இதை மறந்தா என்ன ஆகும்னு நம்ம ஊர்லயே பார்த்தோம். 2007-ல பெங்களூர்ல புத்தகம் வித்து ஆரம்பிச்ச ஃபிளிப்கார்ட், 2014 அக்டோபர் 6-ம் தேதி 'பிக் பில்லியன் டே' நடத்தினாங்க. கிட்டத்தட்ட 5000 சர்வர், வழக்கத்தைவிட 20 மடங்கு கூட்டத்துக்கு ஏற்பாடுன்னு அவங்களே பின்னாடி சொன்னாங்க. அப்படியும் தளம் திணறிச்சு. விலை மாறிச்சு, சரக்கு தீர்ந்துச்சு, போட்ட ஆர்டர் ரத்தாச்சு. மறுநாள் நிறுவனர்கள் ரெண்டு பேரும் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினாங்க. அந்தக் கடிதத்தை நான் மதிக்கறேன். சர்வர் மேல மட்டும் பழி போடாம, போதுமான சரக்கு வாங்கி வைக்கலைன்னும் ஒத்துக்கிட்டாங்க. அடுத்த வருஷம் விற்பனையை அஞ்சு நாளைக்குப் பிரிச்சு நடத்தினாங்க.

இதுக்கு நேர் எதிரா அமெரிக்காவுல ஒண்ணு. 1999-ல ஹெர்ஷீஸ் சாக்லேட் கம்பெனி ஏப்ரல்ல தொடங்க வேண்டிய புது கம்ப்யூட்டர் முறையை ஜூலைக்குத் தள்ளி, ஹாலோவீன் சீசன் நெருங்கற நேரத்துல மாத்தினாங்க. குடோன்ல சாக்லேட் இருக்கு, கையில ஆர்டர் இருக்கு, ஆனா 10 கோடி டாலர் சரக்கை நேரத்துக்கு அனுப்ப முடியலை. தீபாவளிக்கு முந்தின வாரம் கடையை இடிச்சுக் கட்டின கதைதான். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது கம்ப்யூட்டரா?

எங்க பேங்க் பக்கத்துல ஜெயநகர்ல ஒரு தர்ஷினி இருக்கு. முதல்ல காசு, அப்புறம் டோக்கன், அப்புறம் இட்லி. வடை தீர்ந்தா உள்ளேர்ந்து "வடே காலி!"ன்னு ஒரு குரல். கல்லாவுல இருக்கறவர் அந்த நிமிஷமே வடைக்கு பில் போடறதை நிறுத்திடுவார். ஏற்கனவே டோக்கன் வாங்கினவருக்கு காசு உடனே கைக்கு வந்துடும், இல்லைன்னா "போண்டா சாப்பிடறீங்களா சார்?" ஆர்டர் பிராசஸிங்னா இவ்வளவுதான் சார்!

"லட்சக்கணக்குல ஆர்டர் வந்தா கஷ்டம் சார், ஆயிரம் விற்பனையாளர், நடுவுல பேமென்ட் கேட்வே, உங்களுக்குப் புரியாது"ன்னு பொட்டி தட்டற நண்பர்கள் சண்டைக்கு வருவாங்க. கஷ்டம்தான், ஒத்துக்கறேன். அப்ப ரெண்டு நாள்னு ஏன் வாக்கு கொடுக்கறீங்க? போன் எடுக்கற பையனுக்கு 'சிஸ்டம் தப்பு'ன்னு பதிவு பண்ற அதிகாரம் ஏன் கொடுக்கலை?

என் தொழிலையும் விடப் போறதில்ல. "பணம் போயிடுச்சு, ஆர்டர் விழலை"ன்னு வாரத்துக்கு நாலு பேராவது என் மேஜைக்கு வர்றாங்க. "சர்வர் பிராப்ளம், வெயிட் பண்ணுங்க"ன்னு நானும் சொல்லி அனுப்பியிருக்கேன். அம்மா விஷயத்துக்கு அப்புறம் சொல்றதில்ல. விதியை எடுத்துச் சொல்றேன், நீங்களும் தெரிஞ்சுக்கங்க. கார்டு மூலமோ யூபிஐ மூலமோ கட்டின பணம் கணக்குல கழிஞ்சு, கடைக்காரர் பக்கம் உறுதியாகலைன்னா, அன்னியிலேர்ந்து 5 நாளுக்குள்ள தானா திரும்பி வரணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு, அதுவும் நீங்க கேட்காமலே. ரிசர்வ் வங்கியோட 2019 செப்டம்பர் சுற்றறிக்கை இது. பணம் கடைக்காரருக்குப் போய்ச் சேர்ந்தப்புறம் வர்ற தகராறுக்கு 2020 மின்வணிக விதிகள் இருக்கு. புகாரை 48 மணி நேரத்துல பெற்றுக்கிட்டதா சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். மசியலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அடுத்த தடவை யாராவது "சிஸ்டம் காட்டுது"ன்னு சொன்னா, "சிஸ்டம் இருக்கட்டும், உங்க பேர் என்ன, நீங்க என்ன செய்யப் போறீங்க?"ன்னு கேளுங்க. மரியாதையாவே கேளுங்க, அந்தப் பையனும் யாரோ ஒரு அம்மாவை ஊர்ல விட்டுட்டு வந்தவனாத்தான் இருப்பான். ஆனா பதில் வர்ற வரைக்கும் போனை வைக்காதீங்க.

அம்மா இப்ப நல்லா இருக்காங்க. நெபுலைசர் வேலை செய்யுது. ஆனா ஏதாவது ஆர்டர் போட்டேன்னு சொன்னா, "வந்தப்புறம் சொல்லுப்பா"ங்கறாங்க.