பேசிய கூலியும் எழுதிய கூலியும்



வடக்கனந்தலுக்கு மேற்கே கல்வராயன் மலை நீல மதில்போல் நிற்கிறது. அதன் அடிவாரத்தில் கோமுகி அணை இருந்தும், வானம் பொய்த்த ஆண்டுகளில் மக்காச்சோளமும் மரவள்ளியும் உழவனின் கைக்கு எட்டுவதில்லை. ஆகவே நம் இளைஞர்கள் பிழைப்புத் தேடிக் கடல் கடக்கின்றனர். செல்வது தவறன்று. எவ்வாறு செல்கின்றனர் என்பதே இம்மாதம் நாம் சிந்திக்க வேண்டியதாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து மதரஸாத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். அண்டைத் தெருவைச் சேர்ந்த ஒரு தாய் வந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த தாளொன்றை நீட்டினார். மகன் கைபேசியில் அனுப்பிய படத்தை அச்செடுத்த தாள் அது.

"ஹஜ்ரத், எல்லாம் அரபியிலே இருக்கு. என்னன்னு பார்த்துச் சொல்லுங்க."

சவூதியில் ஒரு நிறுவனத்தில் பேருந்து ஓட்டும் வேலை, எட்டு மணி நேரப் பணி, மாதம் 1,800 ரியால் என்று கூறியே அந்தப் பிள்ளையை அனுப்பியிருந்தனர். தாளிலோ, தொழிலைக் குறிக்கும் 'அல் மிஹ்னா' என்ற சொல்லுக்கு எதிரே 'ஸாயிக் காஸ்' என்றிருந்தது. அதாவது, ஒரு வீட்டாரின் சொந்த ஓட்டுநர். அடிப்படை ஊதியத்தைக் குறிக்கும் 'அர்ராத்திபுல் அஸாஸீ' என்ற சொல்லுக்கு எதிரே 1,000 ரியால். அடியில் அவருடைய கையொப்பம். தமக்குத் தெரியாத மொழியில், விமானம் ஏறுவதற்கு முந்திய இரவில் இட்ட கையொப்பம்!

இரண்டு சொற்கள்தாமே என்று எண்ணிவிடலாகாது. சவூதியின் தொழிலாளர் சட்டம் வீட்டுப் பணியாளரையும் வீட்டு ஓட்டுநரையும் தன் எல்லைக்குள் சேர்ப்பதில்லை. அவர்களுக்கெனத் தனி விதிகளே உள்ளன. அந்தப் பிள்ளை காலையில் குழந்தைகளைப் பள்ளியில் விட்டு, நள்ளிரவில் விருந்தினரை வீடு சேர்த்து, இடையே வண்டி கழுவித் தோட்டத்திற்கு நீரும் பாய்ச்சினார். மூன்று மாத உழைப்பிற்கு ஒரு மாதச் சம்பளம் கிடைத்தது. மீதியைக் கேட்டபோது, 'ஹுரூப்' எழுதிவிடுவேன் என்ற மிரட்டல் கிடைத்தது. ஓடிப்போனவன் என்று முதலாளி பதிவு செய்வதே ஹுரூப். அதன்பின் அத்தொழிலாளி சட்டத்தின் பார்வையில் குற்றவாளி.

இந்த அதிகாரத்தை முதலாளிக்கு வழங்குவது 'கஃபாலா' என்னும் முறை. அந்தச் சொல்லைப் பாருங்கள்! நம் ஃபிக்ஹு நூல்களில் கஃபாலா என்றால் பிணை நிற்றல், பிறருடைய பொறுப்பைத் தன் தோளில் ஏற்றல். அநாதையைப் பராமரிப்பவருக்குக் காஃபில் என்று பெயர். ஏழைக்குக் கேடயமாக இருக்க வேண்டிய சொல், இன்று அவன் காலில் விலங்காகிவிட்டது.

மாற்றமே நிகழவில்லை என்று கூறுவது நீதியாகாது. ஊதியத்தை வங்கி முதலிய வழிகளில் செலுத்திக் கண்காணிக்கும் முறையை ஐக்கிய அரபு அமீரகம் 2009-இல் கொண்டுவந்தது. கத்தார் நாடு 2020-இல், முதலாளியின் ஒப்புதலின்றியே வேறு பணிக்கு மாறலாம் எனச் சட்டம் இயற்றி, 2021 மார்ச் முதல் 1,000 ரியாலைக் குறைந்தபட்ச ஊதியமாக்கியது. ஆயினும் 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பொன்று தீப்பற்றியபோது மாண்டவர்களுள் 45 இந்தியர்களின் உடல்கள் விமானப்படை விமானத்தில் வந்திறங்கின. அவர்களுள் எழுவர் தமிழ்நாட்டினர்.

நம் நாட்டின் பங்கையும் மறைப்பதற்கில்லை. வளைகுடாவுக்குச் செல்லும் தொழிலாளர்க்கு நம் அரசு பரிந்துரைத்த குறைந்தபட்ச ஊதியம், 2020 செப்டம்பரில் 30 முதல் 50 விழுக்காடு வரை குறைக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பின்னரே 2021-இல் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

அரசுகள் இருக்கட்டும், நம்மை நாம் கேட்போம். அந்தத் தாயிடம் 1,20,000 ரூபாய் வாங்கியவர் அந்நியரல்லர். நம் பள்ளிவாசலில் தொழுபவர். சலாம் கூறியே உள்ளே வந்தவர். சலாம் சொன்னார் என்பதற்காக, அவரிடம் உரிமம் உண்டா என்று ஒருவரும் வினவவில்லை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற முகவரே ஆள் அனுப்ப இயலும். அவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே பெறலாம். அதற்கு மேல் கேட்பவர் சட்டத்தை மீறுகிறார். நகையை அடகு வைத்துக் கொடுக்கும் நாமோ, அவருக்கு நன்றியும் கூறுகிறோம்!

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிவர். எகிப்திலிருந்து தப்பி, உறவும் ஊரும் இன்றி மத்யன் நகரில் வந்து நின்றவர் அவர். அன்று அங்கே அவர் ஓர் அயல்நாட்டுத் தொழிலாளி. அவரைப் பணியில் அமர்த்திய பெரியவர் செய்தது என்ன? எட்டு ஆண்டுகள் பணி, பத்தாக்கினால் அது உம் விருப்பம், உம்மைச் சிரமப்படுத்த மாட்டேன் என்று முதலிலேயே தெளிவாகப் பேசினார். அல்லாஹ்வையே சாட்சியாக்கி உடன்பாடு முடிந்தது. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அந்த எச்சரிக்கை அரபு முதலாளிக்கு மட்டுமா? பொய்க் கூலி பேசி ஆள் அனுப்பும் நம்மூர் முகவருக்கும், நம் கடையிலும் வயலிலும் பணியாற்றுவோரின் கூலியை நாளை நாளை என இழுத்தடிக்கும் நமக்கும் அதில் பங்கு உண்டு.

தாய்மார்களே! பணம் கைமாறும் முன் ஒப்பந்தத்தைக் கேளுங்கள். தொழில், ஊதியம், பணி நேரம், ஒப்பந்தக் காலம் ஆகிய நான்கையும் அரபி அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். படித்துச் சொல்ல எந்த ஆலிமும் மறுக்கமாட்டார். முகவரின் பதிவை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் 1978 முதல் இயங்குகிறது, அதனையும் அணுகுங்கள். ஒப்பந்தத்தின் நகலொன்று வீட்டிலும் இருக்கட்டும். துன்பம் நேர்ந்தால் தூதரகத்திற்கு எழுத அதுவே சான்று. நிக்காஹுக்குப் பதிவேடு வைத்திருக்கும் நம் ஜமாஅத்துகள், வெளிநாடு செல்வோருக்கும் ஒரு பதிவேடு வைத்தால் என்ன?

அந்தப் பிள்ளை இரண்டாண்டுகள் முடித்துத் திரும்பிவிட்டார். இன்று கச்சிராயபாளையம் சாலையில் வாடகை வண்டி ஓட்டுகிறார். அடகு வைத்த நகை இன்னும் மீளவில்லை. அண்மையில் தம் தம்பியை என்னிடம் அழைத்து வந்தார். தம்பியின் கையில் அரபியில் எழுதிய ஓர் ஒப்பந்தம் இருந்தது.

"இன்னும் கையெழுத்துப் போடலை, ஹஜ்ரத்" என்றார் அண்ணன்.

உழைப்போரின் உரிமையை அறிந்து நடக்கும் நல்லுள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.